நம்ம பொண்ணுங்க ஓடிப்போன ஞாயிறு

என் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த ஜோசியர் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. தை மாசத்தில் எத்தனையோ நல்ல நாள் இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு, ஆஸ்திரேலியாவில் நம் பெண்கள் அணி மூன்றாவது ஒருநாள் போட்டி ஆடுகிற ஞாயிற்றுக்கிழமையைப் போய்ப் பிடித்துக் கொடுத்தார். அந்த மண்ணில் ஒருநாள் தொடர் ஒன்றை நம் பெண்கள் ஜெயித்ததே கிடையாது. இந்தமுறை முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாவதில் அடித்து நொறுக்கி, ஒன்றுக்கு ஒன்று என்று நின்றார்கள். மூன்றாவதையும் ஜெயித்தால் சரித்திரம். நான் அதைச் சொன்னபோது, "சரித்திரம் கெடக்கட்டும், ஜாதகம் இன்னா சொல்லுதுனு பாரு" என்றார் என் நைனா.

நான் ஹேமாவதி. திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கல்லூரி அணிக்கு ஆஃப் ஸ்பின் போட்டவள். நைனா ஜம்புலிங்கம் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டி லுங்கி நெய்கிறவர். எங்களுக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சண்டை வந்தால் இரண்டும். எங்கள் தெலுங்கைக் கேட்டால் ஆந்திராக்காரர்கள் தமிழ் என்பார்கள். எங்கள் தமிழைக் கேட்டால் சென்னைக்காரர்கள் தெலுங்கு என்பார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளாததால் எங்களுக்குள் நாங்கள் நிறையவே பேசிக்கொள்வோம்.

பேசக் கூடாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது என் அக்கா பத்மா. ஐந்து வருஷத்துக்கு முன்னால், நகரியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவரோடு வீட்டுக்குச் சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். நகரி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கி, சில்லறைக்குச் சண்டை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும். ஆனால் அன்றிலிருந்து அவள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது. கூடத்தில் இருந்த குடும்பப் படத்தில் அக்கா நின்ற பாதியின்மேல் நைனா முருகன் காலண்டரை மாட்டினார். எனக்கு வந்த மூன்று வரன்கள் விசாரித்துவிட்டுக் கலைந்து போயின. நாலாவதாக வந்த அரக்கோணத்துக்காரர்களிடம் நைனா நேராகவே சொல்லிவிட்டார்: "எனக்கு ஒரே பொண்ணு."

நான் குதித்தேன். பொய்யில் ஆரம்பிக்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம் என்றேன். "நீ வாயத் தொறந்தீனா, தணிகை முருகன்மேல ஆணை, நான் சோறு தண்ணி தொடமாட்டேன்" என்றார். காபி கொஞ்சம் தாமதமானாலே தெருவைக் கூட்டுகிற மனுஷர் அவர். சோறு தண்ணி தொடாமல் எத்தனை நாழி இருந்துவிடப் போகிறார்? நான் வாயை மூடிக்கொண்டது அந்த மிரட்டலுக்காக இல்லை. எனக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது.

அவர் பேர் திலீப். அரக்கோணம் ரயில்வேயில் இன்ஜின் ஷெட்டில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் எனக்குச் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டது, எதிர்ப்பக்கம் ஏமாற்றித் திரும்பும் பந்தைப் பற்றி ஒரே கேள்வி. "தூஸ்ரா போடுவீங்களா?" பத்துக்கு ஒண்ணு விழும் என்றேன். "பத்துக்கு ஒண்ணு விழுந்தா போதாதா?" என்றார். அன்று ராத்திரி எனக்கு வந்த பயம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. அக்கா விஷயம் தெரிந்து இந்த இடமும் கைநழுவிப் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம்.

திருத்தணி மலையடிவாரத்தில் சின்ன மண்டபம் பிடித்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் தாம்பூலம் மாற்றியாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் திலீப்பின் அம்மா கமலா அத்தை. அவர் பின்னால் பைகளைத் தூக்கிக்கொண்டு தீனதயாளன் மாமா இறங்கினார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் பச்சைக்கொடி காட்டிக் காட்டிப் பழகி, வீட்டிலும் அத்தை என்ன சொன்னாலும் பச்சைக்கொடிதான்.

கமலா அத்தை தமிழ்க்காரர். ஆனால் வந்ததும் வராததுமாக, "எனக்குத் தெலுங்கு அத்துப்படிங்க. கல்யாணமான புதுசுல இவருக்கு ரேணிகுண்டாவுல டூட்டி. குவார்ட்டர்ஸ்ல எட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்" என்று அறிவித்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் தெலுங்கில் தும்மினால்கூடத் தன் சொந்தக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் சமையல்காரரைக் கூப்பிட்டு, மண்டபமே கேட்கும்படி, "பந்தி எப்புடு ஒஸ்துந்தி?" என்றார். அடுத்த பந்தி எப்போது என்று கேட்பதாக அவருக்கு நினைப்பு. தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. பன்றி எப்போது வரும் என்று அவர் கேட்டு முடிக்கவும், என் பெத்தநைனா கஜபதி, அதாவது நைனாவின் அண்ணன், வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. என் அம்மா நிர்மலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள். நான் மணமகள் அறைக் கதவிடுக்கில் பார்த்துச் சிரித்துச் சிரித்து, கட்டிய கொசுவம் அவிழ்ந்து, அலங்காரம் செய்ய வந்த பெண்ணிடம் திட்டு வாங்கினேன்.

பெத்தநைனாவுக்குக் காது மந்தம். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு முதன்முதலில் மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். சாப்பிட்டு முடித்ததும் மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு, செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு வீட்டு ஆம்பளைகளும் அவர் முதுகுக்குப் பின்னால் குவிந்துவிட்டார்கள். தாம்பூலத் தட்டுகள் கேட்பாரில்லாமல் கிடந்தன. நைனா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். "பொண்ணுக்கு நிச்சயம் பண்ண வந்தீங்களா, பொண்ணுங்க ஆட்டம் பாக்க வந்தீங்களா?" என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அறைக்குள் நானும் புடவை மடிப்பில் செல்போனைச் செருகிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "தலைய ஆட்டாதீங்க மேடம், பூ கோணலாப் போவுது" என்று அலங்காரப் பெண் கெஞ்சினாள். ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசிப் பந்து, ஜெயிக்க மூன்று ரன். நான் பூவையும் மறந்தேன், மாப்பிள்ளையையும் மறந்தேன். பந்து கவர் பக்கம் போனது. ஒரு ரன் ஓடி முடித்து, இரண்டாவதுக்குத் திரும்பினார்கள். பாதி வழியில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். பெயில்ஸ் பறந்தது. அவ்வளவுதான், ஒரு ரன்னில் போய்விட்டது. நான் கட்டிலில் குப்புற விழுந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். கண்மை, பவுடர், பொட்டு எல்லாம் தலையணைக்குப் போய்விட்டன.

அந்த நேரத்தில் கூடத்தில் நடந்ததை எங்கள் வீட்டில் ஆளாளுக்கு எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். பெத்தநைனா நாற்காலியிலிருந்து எழுந்து, தலையில் அடித்துக்கொண்டு, கூரை அதிரக் கத்தினாராம்.

"ஐயய்யோ! மன பில்லலு ஓடிபோயினாரே!"

நம்ம பொண்ணுங்க தோத்துப்போயிட்டாங்களே என்று அர்த்தம். தெலுங்கில் ஓடிப்போவது என்றால் தோற்றுப்போவது. பொதட்டூர்பேட்டையில் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும்.

ஆனால் கமலா அத்தை அப்போதுதான் சமையலறைப் பக்கம் பாயசம் ருசி பார்த்துவிட்டு வந்தவர். கிரிக்கெட் பக்கம் திரும்பியும் பார்க்காதவர். அவர் முகம் வெளுத்துவிட்டது. தன் சொந்தக்காரப் பெண்களைப் பார்த்து வழக்கம்போல மொழிபெயர்த்தார்.

"மன பில்லன்னா நம்ம பொண்ணு. ஓடிபோயினாருன்னா ஓடிப்போயிட்டா! பொண்ணு ஓடிப்போயிட்டாளாம்டி!"

"போயினாருனு சொல்றாரே அக்கா?" என்று ஒருத்தி சந்தேகம் கேட்டிருக்கிறாள்.

"அது மரியாதைக்கு. பெரிய எடம். ஓடிப்போனாக்கூட மரியாதையாத்தான் சொல்லுவாங்க."

நைனாவுக்குத் தாய்மொழியே தெலுங்குதான். கிரிக்கெட் கூச்சல்தானே என்று விட்டுவிடாமல், அண்ணன் கத்தியதைக் காதில் வாங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் காதில் விழுந்தது கமலா அத்தையின் தமிழ். "பொண்ணு ஓடிப்போயிட்டா." கையிலிருந்த தட்டு கீழே விழுந்து எலுமிச்சம்பழம் மூலைக்கொன்றாக உருண்டது. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அவர் கத்திய கத்தல், அறைக்குள் அழுதுகொண்டிருந்த எனக்கே கேட்டது.

"மறுபடியுமா!"

திலீப்பும் அவர் நண்பர்களும் வெளியே வேன் நிழலில் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனில் சிக்னல் சரியில்லை, கடைசி ஓவரில் படம் நின்றுவிட்டது. உள்ளே சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தார். கமலா அத்தை மகன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"திலீப்பு! மோசம் போயிட்டோம்டா! பொண்ணு ஓடிப்போயிட்டாளாம்டா!"

திலீப் ரேணிகுண்டாவிலேயே பிறந்து, ஏழு வயசுவரை அங்கே வளர்ந்தவர். தெருவில் கற்ற தெலுங்கு, அம்மாவுடையதைப் போலக் கேட்டு ஊகித்தது இல்லை. பெத்தநைனா போட்ட சத்தமும் வாசல்வரை கேட்டிருந்தது. அவர் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"போச்சா! எத்தினி ரன்ல?"

நான் கதவைத் திறந்தது அப்போதுதான். கண்மை கன்னம் வரை ஒழுக, பொட்டு காதோரம் ஒட்டியிருக்க, வாசலில் நின்றபடியே பதில் சொன்னேன்.

"ஒண்ணு! ஒரே ஒரு ரன்னுங்க! ரெண்டாவது ரன்னுக்கு ஓடுறப்ப விழுந்துட்டாங்க!"

"ஐயோ, டைவ் அடிச்சிருக்கலாமே!"

"அதான் நானும் சொல்றேன்!"

மற்றவர்கள் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓடிப்போன பெண் மண்டபத்துக்குள்ளேயே நின்று மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல விஷயம் விளங்கி, முதலில் பந்தல்காரர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. கமலா அத்தை முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. நைனா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, அடக்க முடியாத கோபமாகவும் இருந்தது. என்னைப் பற்றி அந்தச் சொல்லைக் கேட்டதும், அறைக் கதவைத் தள்ளிக்கூடப் பார்க்காமல் நம்பிவிட்டாரே!

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நாலு பேர் எதிரில் அவமானப்பட்ட கமலா அத்தை சும்மா விடுவாரா? சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, நைனாவைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் தப்பாத்தான் சொன்னேன். ஆனா சம்பந்தி, நீங்க மறுபடியுமான்னீங்களே. அது இன்னாங்க மறுபடியும்?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் திடீரென்று எலுமிச்சம்பழம் பொறுக்க ஆரம்பித்தார்கள். இந்த இடமும் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. போவதாக இருந்தால் என் வாயாலேயே போகட்டும் என்று தோன்றியது.

"எனக்கு ஒரு அக்கா இருக்கா அத்தை. சொல்லாம போய் கல்யாணம் பண்ணிக்கினா. நகரில நல்லா இருக்கா. அதை மறைக்கச் சொல்லி எனக்கு ஆணை போட்டாரு. எனக்கு உங்க பையனைப் புடிச்சிருக்கு, அதனால நானும் பேசாம இருந்துட்டேன்."

"ஒரே பொண்ணுனு சொன்னாரே!"

"ஒரே கோபக்காரரு அத்தை. அதான் அப்பிடிச் சொல்லிட்டாரு."

கமலா அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "ஏங்க, தட்டெல்லாத்தையும் வேன்ல ஏத்துங்க. ஓடிப்போன பொண்ணு இருக்கிற வூட்டுல சம்பந்தம் பண்ணா நாளைக்கு நம்மளை நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" தீனதயாளன் மாமா பச்சைக்கொடி காட்டி ஒரு தட்டைத் தூக்கிவிட்டார். திலீப் நகரவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, "அக்கா பேரு இன்னா?" என்று கேட்டார். பத்மா என்றேன். ஐந்து வருஷத்தில் அந்தப் பேரை நைனா எதிரில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

இத்தனைக்கும் நடுவில் பெத்தநைனா இருந்தார். காது கேட்காததால் அவருக்கு எங்கள் சண்டை எதுவும் எட்டவில்லை. தன் தெலுங்கைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்பது மட்டும் புரிந்து, கமலா அத்தைக்குப் பொறுமையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"அது அப்பிடி இல்லம்மா. ஓடிபோயிந்தினா தோத்துப்போச்சி. பயந்து ஓடினா அது பாரிபோயிந்தி. ஒரு பொண்ணு பையனோட வூட்ட வுட்டுப் போச்சினு வையி, அதுக்குத் தெலுங்குல லேச்சிபோயிந்தினு சொல்லணும். லேச்சிபோயிந்தி. இன்னா, புரிஞ்சிதா?"

தட்டோடு போய்க்கொண்டிருந்த தீனதயாளன் மாமா நின்றார்.

"இன்னா சொன்னீங்க? லேச்சிபோயிந்தியா?"

"ஆங். எழுந்து போயிடுச்சினு நேர் அர்த்தம். ஆனா பையனோட ஓடிப்போச்சினுதான் சொல்லுவாங்க."

மாமா தட்டைக் கீழே வைத்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு சத்தம் வந்தது. அந்த மனுஷர் அப்படிச் சிரித்து அவர் மகனே பார்த்ததில்லையாம்.

"கமலா! ரேணிகுண்டாவுல, குழாயடியில! உன்னைப் பாக்கும்போதெல்லாம் லேச்சிபோயி ஒச்சிந்தி, லேச்சிபோயி ஒச்சிந்தினு பேசிப்பாங்களே! நீ வூட்டுக்கு வந்து என்கிட்ட இன்னா சொன்ன? நான் விடியக்காலைல எழுந்து வர்றதைப் பத்தி எல்லாரும் பெருமையா பேசறாங்கனு சொன்னியே!"

"ஏங்க, போதும்."

"எட்டு வருஷம்! அந்தப் பெருமைக்காகவே எட்டு வருஷம் நாலு மணிக்கு எழுந்தியே!"

திலீப் அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஓடிப்போயா...?" என்று ஆரம்பித்தவர், "லேச்சிபோயா?" என்று திருத்திக்கொண்டார்.

"இவங்க நைனா ஒத்துக்கல. நான் இன்னா பண்றது? ராத்திரி பாசஞ்சர்ல கூட்டிக்கினு போயிட்டேன்" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

கமலா அத்தை பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று அம்மா பதறிப்போய்க் கிட்டே போனால், உள்ளே அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பும் கண்ணீருமாக முகத்தைத் துடைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது குரலில் பழைய அதிகாரம் திரும்பிவிட்டது.

"சரி சரி, தட்டை எறக்கி வையுங்க."

அதற்குள் சடங்கு நடத்த வந்திருந்த ஐயர் கடிகாரத்தைக் காட்டினார். ராகுகாலம் ஆரம்பித்துவிட்டது. இனி எதுவானாலும் ஆறு மணிக்கு மேல்தான்.

"அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார் கமலா அத்தை. "நகரி இங்கதான இருக்குது? பெரிய பொண்ண வரச்சொல்லுங்க. எங்க நைனா கண்ண மூடற வரைக்கும் என் மொகத்துல முழிக்கல. அவருக்கு அதுல என்னாத்த கெடைச்சிதுனு எனக்கு இன்னைக்கும் தெரியல. அந்தப் பொண்ணு வந்து நிக்காம நான் தாம்பூலம் மாத்தமாட்டேன்."

எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ நம்பரு... யார்கிட்டயாவது இருக்குதா?" என்று கேட்டார்.

அம்மா இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். நான் எடுத்தேன். நைனாவின் தங்கைகள் இருவரும் எடுத்தார்கள். என்ன கேட்கிறார் என்று பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு பெத்தநைனாவும் எடுத்தார். எங்கள் தறியில் வேலை செய்கிறவர்கள் மூன்று பேர் எடுத்தார்கள். கடைசியாக, என் பின்னால் சீப்போடு நின்ற அலங்காரப் பெண், "என்கிட்டகூட இருக்கு சார். போன வருஷம் அக்கா வளைகாப்புக்கு நான்தான் மேக்கப்" என்றாள்.

"வளைகாப்பா" என்று நைனா மெல்லத் திருப்பிச் சொன்னார்.

ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் குடும்பத்தில் அக்காவோடு பேசாமல் இருந்தது அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் கையில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

"அம்மா, சொல்லும்மா. தாம்பூலம் மாத்திட்டாங்களா? நைனா அழுதாரா?"

நைனா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் இல்லம்மா" என்றார். "ஆறு மணிக்கு மேலதான். நீ கொழந்தையத் தூக்கிக்கினு வா."